ஆர்எக்ஸ்-7 வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, நான் கிளிநொச்சியில் அரிசி ஆலை ஒன்றை நடத்தி வருகிறேன். வயது நாற்பதை நெருங்குகிறது. பாடசாலைக் காலத்திலிருந்தே மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் மீது எனக்குத் தீராத ஆசை உண்டு. 1990களின் நடுப்பகுதியைச் சேர்ந்த மூன்றாம் தலைமுறைக் கார் ஒன்றை விற்கக் கொழும்பில் ஒருவர் முன்வந்துள்ளார். என்ஜின் அண்மையில் பிரித்துப் பூட்டப்பட்டது என்கிறார்; ஆனால் பற்றுச்சீட்டு எதையும் காட்டவில்லை. கேட்கும் விலையை என்னால் கொடுக்க முடியும். குடும்பத் தேவைக்கு வீட்டில் ஒரு வான் இருக்கிறது. இந்தக் காரைக் கிளிநொச்சியில் வைத்திருப்பதால் வரக்கூடிய பாதகங்களை ஒளிவுமறைவின்றி எழுதுவீர்களா?
- கிளிநொச்சி வாசகர்

பதில்: இத்தகைய கார்களைப் பற்றி எனக்கு எழுதும் வாசகர்கள் பெரும்பாலும் விலையையும் பெற்றோல் செலவையும் பற்றியே கேட்கிறார்கள். நீங்கள் பாதகங்களைக் கேட்டிருப்பதால், அவற்றுள் பெரியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வன்னியில் இருக்கும் ஆர்எக்ஸ்-7 ஒன்றுக்கு ஓடுவதால் வரும் தேய்மானத்தை விட, ஓடாமல் நிற்பதால் வரும் கேடே அதிகமாக இருக்கும். பாகம் வரும்வரை நிற்கும். மழை விடும்வரை நிற்கும். உங்களுக்கு ஆலையில் வேலை ஓயும்வரை நிற்கும். அந்தக் காரின் என்ஜினோ நீண்டகாலம் நிற்பதைத் தாங்கும் இயல்புடையதன்று. நான் கீழே எழுதும் குறைகளிற் பல கடைசியில் இந்த இடத்துக்கே வந்து சேரும்.

மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 1991 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2002இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஒவ்வொன்றும் 654 கன சென்ரிமீற்றர் கொண்ட இரண்டு ரோட்டர்கள் (பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் பாகங்கள்), ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போக்கள் (என்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் சாதனங்கள்) ஆகியவற்றைக் கொண்ட, புத்தகத்தில் 1.3 லீற்றர் என்று எழுதப்படும் இந்தச் சிறிய என்ஜின், தொடக்கத்தில் 255 குதிரைவலுவையும் 1999க்குப் பிந்திய சில வகைகளில் 280 குதிரைவலுவையும் கொடுத்தது. காரின் எடையோ ஏறத்தாழ 1,250 கிலோகிராம்தான். என்ஜின் சிறியதாக இருப்பதால் அதை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளிப் பொருத்த முடிந்தது. முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்டச் சமமாகப் பிரிந்தது. இந்தக் கார் வளைவில் திரும்பும் அழகுக்குக் காரணம் அதுவே. உங்கள் ஆசையைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. அந்தக் காலத்து ஜப்பானியக் கார்களில் இதற்கு நிகராகச் சொல்லக்கூடியவை மிகச் சிலவே.

ரோட்டரி என்ஜினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. பக்கங்கள் புடைத்த முக்கோண வடிவிலான ரோட்டர், நடுவில் சற்று ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் சுழல்கிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் வில்லால் வெளியே தள்ளப்படும் மெல்லிய தகடுகள் உண்டு. மெக்கானிக்குகள் அவற்றை ஏபெக்ஸ் சீல் என்பார்கள். அவை அறையின் சுவரோடு ஓயாமல் உரசிக்கொண்டு, ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குப் போகாமல் அடைத்து நிற்கின்றன. அந்த உரசலுக்கு வழுவழுப்புக் கொடுப்பதற்காக என்ஜின் ஒயிலில் சிறிதளவை ஒரு பம்ப் எரியறைக்குள்ளேயே செலுத்துகிறது. ஆகவே ஒயில் குறைவது இந்தக் காரில் பழுதன்று, அமைப்பே அதுதான். பெற்றோல் நிரப்பும் போதெல்லாம் ஒயில் மட்டத்தையும் பார்க்க வேண்டும். அதை மறந்து ஓடிய என்ஜின்கள் ஏராளம்.

இந்தக் கார் மாதக்கணக்கில் நின்றால் அந்தத் தகடுகள் கரி படிந்து தம் பள்ளத்துக்குள்ளேயே இறுகிப்போகக்கூடும். பிறகு ஸ்டார்ட் செய்தால் அழுத்தம் நிற்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, என்ஜினின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலண்டில் இருக்கிறது. இரும்புத் தட்டுகளையும் அலுமினிய உறைகளையும் மாறி மாறி அடுக்கி, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கிச் செய்யப்பட்டதே இந்த என்ஜின். அவற்றுக்கிடையே கூலண்ட் கசியாமல் றப்பர் வளையங்கள் அடைத்து நிற்கின்றன. பழைய கூலண்டோடு கார் நீண்டகாலம் நிற்கும்போது அந்த வளையங்கள் இருக்கும் பள்ளத்தின் ஓரத்தை இரும்புத்துரு அரிக்கத் தொடங்கும்; ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினாலோ வளையமே கருகிவிடும். கூலண்ட் எரியறைக்குள் இறங்கத் தொடங்கிய பின்னர், முழு என்ஜினையும் இறக்கிப் பிரிப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது. சாதாரணக் காரில் ஹெட் கஸ்கெற் (என்ஜின் தலைப்பகுதிக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடு) மாற்றி முடிக்கும் வேலை, இந்தக் காரில் என்ஜினையே மறுபடி கட்டும் வேலையாகிவிடுகிறது.

சூடு என்றவுடன் நம் பகுதியின் காலநிலையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. சோளகம் வீசும் மாதங்களில் கிளிநொச்சியின் பகல் வெயிலும் புழுதியும் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு டர்போக்களும் ரோட்டரி என்ஜினும் நெருக்கமாக அடைந்திருக்கும் அந்த என்ஜின் அறை, குளிர்நாட்டிலேயே றப்பர்களை வேகவைத்துவிடும். டர்போக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைக் கட்டுப்படுத்த ஏராளமான மெல்லிய வெற்றிடக் குழாய்களும், மின்சாரத்தால் திறந்து மூடும் சொலனொயிட் வால்வுகளும் உள்ளன. முப்பது ஆண்டுச் சூட்டில் அந்தக் குழாய்கள் காய்ந்து வெடித்திருக்கும். அவற்றில் ஒன்று கழன்றாலே இரண்டாவது டர்போ வேலைக்கு வராது, அல்லது அழுத்தம் அளவுக்கு மீறும். கூலண்ட் தொகுதியில் காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று உண்டு. அது பிளந்து கூலண்டைக் கொட்டுவது இந்தக் காரின் பேர்போன பழுதுகளில் ஒன்று. இதில் இன்னொரு பொல்லாப்பு என்னவென்றால், காரோடு வந்த சூடு காட்டும் முள், என்ஜின் மிகையாகச் சூடேறும் வரை நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டுள்ளது. முள் எழும்புவதைக் கண்டு நீங்கள் வீதியோரம் நிறுத்தும்போது, சேதம் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும். வாங்கினால் முதல் வேலையாகத் துல்லியமான வேறொரு சூட்டுமானியைப் பூட்டுங்கள். ரேடியேற்றரின் முன்புறத்தில் வைக்கோல் தூசியும் புழுதியும் அடையாதபடி அடிக்கடி துப்புரவு செய்யுங்கள்.

பெற்றோலின் விலையை விட அதன் தரமே இங்கு முக்கியமானது. ஜப்பானில் பிரீமியம் என்ற பெயரில் விற்கப்படும் பெற்றோலின் ஒக்டேன் எண் (நேரத்துக்கு முன்பே வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) 96க்குக் குறையக்கூடாது என்பது அந்நாட்டின் நியமம். இந்தக் காரின் என்ஜின் அந்தப் பெற்றோலுக்காக அமைக்கப்பட்டது. நம் நாட்டில் பரவலாகக் கிடைப்பவை 92உம் 95உம் ஆகும்; அவற்றிலும் 95 வன்னியின் ஒவ்வொரு நிரப்பு நிலையத்திலும் எப்போதும் இருக்கும் என்று நம்பிப் புறப்பட முடியாது. ஒக்டேன் குறைந்த பெற்றோலோடு டர்போ முழு அழுத்தத்தில் வேலை செய்தால் கலவை நேரத்துக்கு முன்பே வெடிக்கும். பிஸ்டன் என்ஜின் சில தடவைகள் அதைப் பொறுத்துக்கொள்ளும். ரோட்டரி என்ஜினில் அந்த அதிர்ச்சியை ஏற்பது மெல்லிய ஏபெக்ஸ் சீல்; அது ஒரே தடவையிலும் உடையக்கூடும், உடைந்த துண்டு டர்போவையும் சிதைத்துக்கொண்டே வெளியேறும். முன்னைய உரிமையாளர் டர்போ அழுத்தத்தைக் கூட்டியிருந்தால் இந்த ஆபத்து இன்னும் நெருங்கிவிடும். ஒரு லீற்றருக்கு ஐந்து முதல் ஏழு கிலோமீற்றர் வரையில்தான் இந்தக் கார் ஓடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போய்வர ஏறத்தாழ 150 கிலோமீற்றர். அதற்கு 25 லீற்றரளவில் வேண்டும். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் முறை தொடங்கியபோது ஒரு காருக்குக் கிழமைக்குக் கிடைத்தது 20 லீற்றர். அப்படியொரு காலம் மீண்டும் வந்தால் இந்தக் காரே முதலில் கொட்டிலுக்குள் போகும்.

காரின் வலுவை எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். நம் சட்டப்படி காரொன்றின் வேக எல்லை ஊர்மனைப் பகுதிகளில் 50, அதற்கு வெளியே 70, அதிவேக வீதிகளில் 100 கிலோமீற்றர். வன்னியில் அதிவேக வீதி கிடையாது. இந்தக் காரில், என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,500 சுற்றுகளை எட்டும்போது இரண்டாவது டர்போ வேலைக்கு வருகிறது. இரண்டாம் கியரில் அந்தச் சுற்றை எட்டும்போதே வேகம் 60ஐத் தாண்டிவிடும். அதாவது காரின் முழு வலுவையும் சட்டத்துக்கு உட்பட்டு நீங்கள் உணரக்கூடிய இடம் முதலாம் கியர் மட்டுமே. ஏ-9 வீதி நேராகவும் செம்மையாகவும் கிடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இரவில் அதே வீதியில் மாடுகள் படுத்திருக்கும், பின்விளக்கில்லாத உழவு இயந்திரம் பெட்டியோடு போகும், காட்டுப் பகுதிகளில் யானையும் கடக்கும், அறுவடைக் காலத்தில் கிளை வீதிகளின் ஓரத்தில் நெல் காயும். காருக்குத் தீனி போடுவதற்காக அந்த வீதியில் ஒருவர் 150இல் ஓடினால் அதை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். முறையான இடம் வேண்டுமென்றால் களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்தை ஓட்டப்பாதை வரை போக வேண்டும். பக்கத்திலுள்ள அனுராதபுரம் சாலியபுரத்தில் நடைபெறும் போட்டி கிரவல் பாதையில் நடப்பது, இந்தக் காருக்கு உதவாது.

அந்தக் காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே, தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தாலே, 135 மில்லிமீற்றரளவுதான் இடைவெளி. கொழும்பில் ஓடிய கார்கள் பலவற்றில் ஸ்பிரிங்கை வெட்டியோ மாற்றியோ அதையும் குறைத்திருப்பார்கள். ஏ-9இலிருந்து உங்கள் வீடு வரையிலான ஒழுங்கையையும், இடையில் புகையிரதக் கடவை இருந்தால் அதையும், படலைக்கு முன்னாலுள்ள மதகையும் ஒருநாள் நடந்து பாருங்கள். மாரியில் அந்த ஒழுங்கையில் எத்தனை நாட்கள் தண்ணீர் நிற்கும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அத்தனை நாட்களும் கார் கொட்டிலில்தான் இருக்கும்.

கொட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலை வளவில் காரை நிறுத்தும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும்; எலி இந்தக் காரின் வயரிங்கை ஒரு கிழமையில் அறுத்துவிடும், அந்த வயரிங் தொகுதியைப் புதிதாக வாங்குவது மிகக் கடினம். வீட்டில் நிறுத்தினாலும், வானை வெளியே எடுப்பதற்காக யாராவது இந்தக் காரை ஸ்டார்ட் செய்து நாலடி பின்னால் நகர்த்திவிட்டு உடனே நிறுத்தக்கூடாது. குளிர்ந்த ரோட்டரி என்ஜினை அப்படி நிறுத்தினால் எரியாத பெற்றோல் அறைக்குள் தங்கி, சீல்களிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிவிடும். மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எரிபொருள் ஊட்டத்தை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றி, உள்ளேயிருக்கும் பெற்றோலைச் சுழற்றி வெளியேற்ற வேண்டியிருக்கும். இதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

பாகங்களின் நிலைமை சிறிது நம்பிக்கையும் நிறையப் பொறுமையும் கேட்பது. 2020 இறுதியில் மஸ்டா நிறுவனம் ஆர்எக்ஸ்-7க்கான பழைய பாகங்கள் சிலவற்றை மீண்டும் தயாரித்து வழங்குவதாக அறிவித்தது. சீல்களும் கஸ்கெற்றுகளும் ஜப்பானிலிருந்து தருவிக்கக் கூடியவையே. ஆனால் பாகம் வருவது ஒரு பாதி, அதைப் பூட்டத் தெரிந்த கை மற்றப் பாதி. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஓடாத காரை லொறியில் ஏற்றி அனுப்பி, அது அங்கே மாதக்கணக்கில் நின்று, திரும்பி வந்ததும் சிறு கசிவு ஒன்றுக்காக மறுபடி அனுப்ப நேர்ந்தால், பணத்துக்கு முன்னர் மனம் தளர்ந்துவிடும். இப்படித்தான் அரிய கார்கள் படங்குக்குக் கீழே போகின்றன.

கடதாசி விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், இத்தனை பழைய காரை இப்போது இறக்க விதிகள் இடம் தரா. ஆகவே ஏற்கனவே பதிவிலிருப்பவற்றுள் ஒன்றைத்தான் வாங்க முடியும். செஸி இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உறுதிப்படுத்துங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை தேவை. தேய்ந்த ரோட்டரி என்ஜின், அதுவும் புகையைத் தூய்மையாக்கும் கட்டலிற்றிக் கன்வேர்ட்டர் கழற்றப்பட்டதாக இருந்தால், எரியாத ஐதரோகாபன் அளவில் அகப்பட்டுக்கொள்ளும். காப்புறுதி நிறுவனத்திடம் கார் வாங்குவதற்கு முன்பே பேசி, எந்தப் பெறுமதிக்குக் காப்புத் தருவார்கள் என்பதை எழுத்தில் பெறுங்கள்.

இப்போது அந்தக் குறிப்பிட்ட கார். பற்றுச்சீட்டு இல்லாத என்ஜின் வேலையை நடக்காத வேலையாகவே கொள்ளுங்கள். பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது இனிப்பு வாசனையோடு வெண்புகை தொடர்ந்து வந்தால் கூலண்ட் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அடுத்தது கம்பிரஷன் பரிசோதனை, அதாவது அறைகளுக்குள் அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று அளந்து பார்ப்பது. சாதாரண மானி உயர்ந்த அழுத்தத்தை மட்டும் காட்டும். ரோட்டரியில் ஒரு ரோட்டரின் மூன்று பக்கங்களையும் தனித்தனியாக அறிய வேண்டும். அதற்குரிய கருவி இல்லாவிட்டால், சாதாரண மானியின் அழுத்தம் விடும் வால்வைத் திறந்து பிடித்தபடி என்ஜினைச் சுழற்றச் சொல்லுங்கள்: முள் மூன்று மூன்றாகத் துள்ளும். மூன்று துள்ளலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று பலவீனமாக இருந்தால் ஒரு சீல் போய்விட்டது. இரண்டு ரோட்டர்களுக்கும், என்ஜின் சூடேறிய பின்னர், இதைச் செய்ய வேண்டும். இதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது டர்போ அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலளவில் எழுந்து, 4,500 சுற்றில் சற்று இறங்கி, மீண்டும் 10க்கு ஏற வேண்டும். இறங்கியது ஏறாவிட்டால் குழாய்களிலோ வால்வுகளிலோ வேலை இருக்கிறது.

என் முடிவான கருத்து இதுதான். உங்களிடம் வான் இருக்கிறது, அது பெரிய நிம்மதி. இந்தக் காரை நம்பி யாரும் வைத்தியசாலைக்குப் போக வேண்டியதில்லை. என்ஜினை ஒருமுறை முழுமையாக மறுபடி கட்டுவதற்கான பணத்தை, காரின் விலைக்கு மேலதிகமாக, தொடாமல் ஒதுக்கி வைக்க உங்களால் முடியுமா? கிழமைக்கு ஒரு தடவையாவது, விடிந்து வெயில் ஏறுமுன், மாங்குளம் வரையோ ஆனையிறவு வரையோ என்ஜின் நன்றாகச் சூடேற ஓட்டி வருவதற்கு நேரம் எடுப்பீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால், கம்பிரஷன் பரிசோதனையில் தேறிய காரை வாங்குங்கள், மனமார வாழ்த்துகிறேன். ஆலை வேலையில் கிழமைகள் தப்பிப்போகும் என்று உங்கள் மனமே சொன்னால் வாங்காதீர்கள். அந்தக் கார்களில் எஞ்சியிருப்பவை சிலவே. அவற்றில் இன்னொன்று கொட்டிலில் துருப்பிடிப்பதைக் காண எனக்கு மிகுந்த வேதனை. முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட நிறுத்தும்போது உடனே என்ஜினை நிறுத்திவிடாமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, டர்போவின் சூடு தணிந்த பின்னர் நிறுத்துங்கள். எந்த ஓட்டத்துக்குப் பிறகும் இப்படியே செய்ய வேண்டும்.

கேள்வி: மல்லாவியில் சிறிய கராஜ் வைத்திருக்கிறேன். லொறி, உழவு இயந்திரம், மோட்டார் சைக்கிள் எல்லாம் திருத்துவேன். ஒருவர் தன் ஆர்எக்ஸ்-7 காரைக் கொண்டுவந்து விடப்போவதாகச் சொல்கிறார். ரோட்டரி என்ஜினை நான் இதுவரை பிரித்ததில்லை. பொறுப்பெடுக்கலாமா?
- மல்லாவி வாசகர்

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒரு சில துளி பெற்றோலால் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்ரின் காரையும் ஓட வைத்த மண்ணில் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. பழைய ஒஸ்ரினின் அழுத்த விகிதம் குறைவு. ஒக்டேன் குறைந்த மண்ணெண்ணெயை அது சகித்துக்கொண்டது. ஆர்எக்ஸ்-7இன் விகிதம் 9, அதற்கு மேல் இரண்டு டர்போக்களின் அழுத்தம். அது எந்தச் சமாளிப்பையும் ஏற்காது.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ரேடியேற்றர், கூலண்ட் குழாய்கள், காற்றுப் பிரிக்கும் பிளாஸ்டிக் தாங்கியை அலுமினியத்தால் ஆனதாக மாற்றுவது, பிரேக், கிளச், பெற்றோல் பம்ப், வயரிங் ஆகியவற்றை நீங்கள் தயங்காமல் பொறுப்பெடுக்கலாம். வெற்றிடக் குழாய்களை சிலிக்கன் குழாய்களாக மாற்றும் வேலைக்கும் பொறுமைதான் தேவை: ஒன்றைக் கழற்று முன் படம் எடுத்து, இரு முனையிலும் இலக்கம் ஒட்டி, ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நினைவை நம்பிப் பூட்டாதீர்கள்.

என்ஜினைப் பிரிப்பது வேறு. அதில் பாகங்கள் குறைவு: இரண்டு ரோட்டர்கள், இரண்டு உறைகள், மூன்று இரும்புத் தட்டுகள், ஒரு தண்டு. குறைவாக இருப்பதாலேயே இலகு என்று தோன்றும். ஆனால் சீலுக்கும் பள்ளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி, உறையின் உட்சுவரில் குரோமியப் பூச்சு உரிந்திருக்கிறதா என்பது, தட்டில் தேய்மானத்தால் விழுந்த பள்ளம் எவ்வளவு ஆழம், தண்டின் முன்பின் அசைவு எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் அளந்து, மஸ்டாவின் கைநூல் எல்லையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஃபிளைவீலின் நட்டே 54 மில்லிமீற்றர். அதற்குரிய சொக்கற்றும் பெரிய டோர்க் ரென்ச்சும் இல்லாமல் தொடக்கூடாது. முதலாவது என்ஜினை, ஏற்கனவே ரோட்டரி கட்டியிருக்கும் ஒருவரோடு அவருடைய கராஜில் நின்று கட்டுங்கள். காரின் சொந்தக்காரர் அந்தச் செலவை ஏற்பாரானால் அவருக்கும் அது நல்ல முதலீடு. வன்னியில் ரோட்டரி தெரிந்த ஒரு கை உருவானால், இந்தப் பக்கத்தில் நான் எழுதும் பதில்கள் பலவற்றை மாற்றி எழுத வேண்டி வரும். அந்த நாளை நான் விரும்புகிறேன்.

கேள்வி: என் கணவர் ஆர்எக்ஸ்-7 ஒன்றை வாங்கி, ரோட்டரி என்ஜினைக் கழற்றிவிட்டு டொயோட்டாவின் 2ஜேஇசட் என்ஜினைப் பூட்டினால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் என்கிறார். அது சரியா?
- புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: ஏபெக்ஸ் சீல் பிரச்சினை தீரும், அதன் இடத்தில் வேறு சில வரும். 2ஜேஇசட் என்பது இரும்பு உடல் கொண்ட 3 லீற்றர் ஆறு சிலிண்டர் என்ஜின். உறுதியானது, உலகெங்கும் மதிக்கப்படுவது. ஆனால் நீளமும் எடையும் கூடியது. அதைப் பொருத்த முன்பக்கத் தாங்கிச் சட்டம், கியர்ப்பெட்டி, வயரிங், குளிரூட்டல் அனைத்தும் மாற வேண்டும். முன் அச்சின் மீது எடை ஏறி, காரின் திரும்பும் தன்மையும் மாறும். அந்த என்ஜின் பூட்டப்பட்ட டொயோட்டா சுப்ரா காரின் உற்பத்தியும் 2002இலேயே முடிந்துவிட்டதால், அரிதான பாகங்களைத் தேடும் வேலை அதோடு ஒழியாது. என்ஜின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் ஓடினால், விபத்து நேரத்தில் காப்புறுதி மறுக்கப்படும் நிலை வரலாம். இதுவே உங்கள் குடும்பத்துக்கு மிகப் பெரிய ஆபத்து. இன்னொன்று: கைவேலையாகச் செய்யப்பட்ட இத்தகைய மாற்றத்தின் வயரிங்கை, அதைச் செய்தவரைத் தவிர வேறொருவர் விளங்கிக்கொள்வது கடினம். அவர் கொழும்பிலும் கார் புதுக்குடியிருப்பிலும் இருந்தால் என்ன நடக்கும் என்பதைக் கணவரோடு பேசுங்கள். ரோட்டரி வேண்டாம் என்பவர், ரோட்டரி இல்லாத காரையே வாங்குவது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: இத்தகைய கார்களின் விலை உலகெங்கும் ஏறுகிறதாமே. வாங்கி ஓட்டாமல் மூடி வைத்து, பத்து ஆண்டு கழித்து விற்றால் இலாபம் கிடைக்காதா?
- மாங்குளம் வாசகர்

பதில்: விலை ஏறியது உண்மை. 25 ஆண்டு கடந்த கார்களை அமெரிக்கா இறக்க அனுமதிப்பதால், 1990களின் ஜப்பானியக் கார்களுக்கு அங்கே பெரும் கிராக்கி உருவானது. ஆனால் அந்த விலை, ஓடிக்கொண்டிருக்கும், ஆவணங்கள் முழுமையாக உள்ள கார்களுக்கான விலை. பத்து ஆண்டு மூடி வைத்த ஆர்எக்ஸ்-7ஐப் பார்க்க வருபவர், என்ஜினை மறுபடி கட்டும் செலவை முதலிலேயே கழித்துத்தான் பேசுவார். வாங்கக் கூடியவர்களும் பெரும்பாலும் கொழும்பில் இருப்பார்கள். இலாபம்தான் நோக்கம் என்றால் இந்தப் பணத்துக்கு வன்னியில் வேறு நல்ல வழிகள் உண்டு; காணியையும் உழவு இயந்திரத்தையும் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

கேள்வி: ஆர்எக்ஸ்-7க்குப் பதிலாக ஆர்எக்ஸ்-8 வாங்கினால் தொல்லை குறையுமா?
- வவுனியா வாசகர்

பதில்: சிறிது குறையும். 2003 முதல் 2012 வரை வந்த அந்தக் காரில் டர்போ இல்லை. ஆகவே அந்தக் குழாய்ச் சிக்கலும் டர்போச் சூடும் இல்லை. பின்னிருக்கையில் இருவர் ஓரளவு வசதியாக இருக்கலாம், சிறிய பின் கதவுகளும் உண்டு. வலு குறைவு, ஆனால் 70 கிலோமீற்றர் எல்லையுள்ள வீதிக்கு அது தாராளம். சீல் தேய்வதும், ஒயில் எரிவதும், என்ஜின் சூடேறுமுன் நிறுத்தினால் பெற்றோல் தேங்குவதும் இதிலும் அப்படியே. பார்க்கப் போகும்போது அரை மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடேற்றி, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூடான நிலையில் நீண்ட நேரம் சுழன்ற பிறகே பற்றினால் கம்பிரஷன் குறைந்துவிட்டது என்று கொண்டு, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.